டர்ன் பேஸ்டு ஆர்பிஜி ஆடத் தொடங்குவது எப்படி: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு

பழைய பாணி டர்ன் பேஸ்டு ஆர்பிஜி ஆட்டங்களைத் தொடங்குபவர்களில் பலர் முதல் வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் மூன்றுதான். முதல் ஆட்டமே மிகக் கடினமானதாக அமைந்திருக்கும். குழுவை அமைக்கும்போது ஆட்களின் திறனுக்கான புள்ளிகளைச் சிதறவிட்டு, எந்தச் சண்டையிலும் ஜெயிக்க முடியாமல் போயிருக்கும். அல்லது சேவ் செய்யாமல் ஆடி, கரண்ட் போய், மாலை முழுவதும் ஆடியது அழிந்திருக்கும். மூன்றையும் தொடங்கும் முன்பே தடுத்துவிடலாம். அதற்கான வரிசை இது.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறோம். ஆர்பிஜி என்றால் கதையில் வரும் பாத்திரமாக இருந்து ஆடும் கணினி ஆட்டம், டர்ன் பேஸ்டு என்றால் முறைவைத்து ஆடுவது. நாலைந்து பேர் கொண்ட ஒரு குழு உங்களுடையது. ஊர் ஊராகப் போய் ஆட்களிடம் பேசுவீர்கள், வேலை வாங்கிக்கொள்வீர்கள், குகைக்குள் இறங்குவீர்கள். சண்டை வந்தால் ஆடுபுலி ஆட்டம் போல ஒரு பக்கம் காய் நகர்த்திய பிறகே மறு பக்கம் நகர்த்தும். விரல் வேகம் எதற்கும் தேவைப்படாது. ஒரு முறைக்கு ஐந்து நிமிடம் யோசித்தாலும் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். பெரும்பாலும் ஒருவரோ சின்னக் குழுவோ செய்யும் ஆட்டங்கள் என்பதால் படம் எளிமையாக இருக்கும், எழுத்து நிறைய இருக்கும்.

வீட்டில் பெரியவர்கள் கேட்டால் தெளிவாகச் சொல்லுங்கள்: ரம்மி மாதிரிப் பணம் வைத்து ஆடுவது வேறு, இது வேறு. ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் அதோடு சரி.

1. இருக்கிற கணினி போதுமா என்று பாருங்கள்

கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போகாதீர்கள். 4 ஜிபி ராம், கணினியோடு வந்த சாதாரண இன்டெல் கிராஃபிக்ஸ் இருந்தால் இந்த வகையில் பாதிக்கு மேல் ஓடும். 8 ஜிபி இருந்தால் கவலையே இல்லை.

சிக்கல் வேகத்தில் வராது, விண்டோஸில்தான் வரும். கணினி ஆட்டங்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடை 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8 இரண்டுக்கும் ஆதரவை நிறுத்திவிட்டது. 32 பிட் விண்டோஸுக்கும் இனி ஆதரவு இல்லை. ஆகவே அலமாரியில் கிடக்கும் பழைய லேப்டாப்பை எடுத்தால், முதலில் செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் பக்கத்துக்குப் போய் 64 பிட்டா என்று பாருங்கள். பணம் கட்டிய பிறகு பார்த்துப் பயனில்லை.

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையிலோ வேறு இடத்திலோ பழைய லேப்டாப் வாங்க நினைத்தால், பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் அடிப்பக்கத்து ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நீங்கள் பார்க்கும்போதே ஆன் செய்து, விண்டோஸ் வரும் முன்பே பயாஸ் பாஸ்வேர்டு கேட்கிறதா, முன்னால் வைத்திருந்தவரின் கணக்கு இன்னும் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜரைக் கழற்றி பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பேட்டரி செத்திருந்தால் அங்கேயே தெரியும். மாணவர்களுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப் விலைக்கு வந்தால் தொடவே வேண்டாம். உங்கள் வீட்டிலேயே அப்படி ஒன்று சும்மா இருந்தால் மூன்றாவது படியில் வரும் இலவச ஆட்டங்களுக்கு அது தாராளமாகப் போதும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. சின்னக் குழுக்கள் செய்யும் சில ஆட்டங்கள் ஃபிரேம் எண்ணிக்கைக்கு எல்லை வைக்காமல் ஓடும். அசையாத படத்தைக்கூட நொடிக்கு 200 தடவை வரைந்துகொண்டிருக்கும். மே மாதத்துக் கடலூர் வெயிலில் லேப்டாப் கொதிக்கும், பேட்டரி சீக்கிரம் தீரும். ஆட்டத்தின் செட்டிங்ஸில், திரையின் வேகத்தைத் தாண்டி வரையாமல் தடுக்கும் விசிங்க் என்பதை ஆன் செய்யுங்கள். ஃபிரேம் எல்லை வைக்க வழி இருந்தால் 30 என்று வையுங்கள். முறைவைத்து ஆடுவதில் 30-க்கும் 60-க்கும் வித்தியாசம் தெரியாது.

2. பணம் கட்டும் வழியைச் சரிசெய்யுங்கள்

முக்கியமான கடைகள் இரண்டு. ஸ்டீமில் விலை ரூபாயில் இருக்கும், யுபிஐ எடுத்துக்கொள்ளும். ஜிஓஜி டாலரில் விலை சொல்லும், கார்டு வேண்டும். புதியவர்கள் ஸ்டீமில் தொடங்குவதே சுலபம்.

ஸ்டீமில் யுபிஐ வழியாகக் கட்டும்போது அடிக்கடி நடப்பது: வங்கியில் பணம் கழிந்திருக்கும், கடையில் ஆட்டம் வந்திருக்காது. உடனே மறுபடி கட்டாதீர்கள். அரை மணி நேரம் விட்டு, கணக்கில் பர்ச்சேஸ் ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள். பென்டிங் என்று இருந்தால் காத்திருங்கள். யுபிஐ செயலியில் உள்ள 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கடைக்குப் போய்ச் சேராத யுபிஐ பணம் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் வங்கி இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. வங்கியில் முறையிட அந்த எண் இல்லாமல் முடியாது.

கார்டில் டாலர் கட்ட வேண்டுமானால் இரண்டு வேலை. முதலாவது, வங்கிச் செயலியில் கார்டு பகுதிக்குப் போய் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனையை ஆன் செய்ய வேண்டும். 2020-லிருந்து புது கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்த நிலையில் வருகின்றன. அதை ஆன் செய்யாததாலேயே பலருக்குக் கார்டு டிக்ளைன் ஆகிறது. வாங்கி முடித்ததும் மறுபடி ஆஃப் செய்துவிடுங்கள். இரண்டாவது, செலவைச் சரியாகக் கணக்கிட வேண்டும். 20 டாலர் ஆட்டம், டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 1800. வங்கி மாற்றுக் கட்டணம் 3.5 விழுக்காடு என்றால் 63. அந்தக் கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி, இன்னொரு 11 ரூபாய் சொச்சம். கையை விட்டுப் போவது ஏறக்குறைய 1875. உங்கள் வங்கி எவ்வளவு பிடிக்கிறது என்று முன்னாலேயே பாருங்கள்.

செய்யக்கூடாதவை: வேறு நாட்டில் இருப்பது போலக் காட்டும் விபிஎன் போட்டு அந்த நாட்டு விலையில் வாங்காதீர்கள், கணக்கே முடங்கலாம். ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்கும் எண்ணான கீயைப் பாதி விலைக்கு விற்கும் இடைத்தரகு இணையக் கடைகளிடம் போகாதீர்கள். அந்த கீ பின்னால் ரத்தானால் கேட்க ஆள் இல்லை, செய்தவருக்கும் காசு போயிருக்காது. ஒருவரோ இருவரோ உழைத்துச் செய்த ஆட்டத்தின் காசு அவர்களுக்குப் போவது முக்கியம்.

எப்போது வாங்குவது? ஸ்டீமில் பெரிய தள்ளுபடி ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை வரையும், டிசம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து ஜனவரி முதல் வாரம் வரையும் வரும். பொங்கல் விடுமுறையில் ஆட நினைப்பவர்கள் கவனியுங்கள்: பொங்கல் வரும்போது தள்ளுபடி முடிந்திருக்கும். டிசம்பரிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். பிடித்த ஆட்டத்தை விஷ்லிஸ்டில் போட்டால் விலை குறையும்போது மின்னஞ்சல் வரும்.

வாங்கிய பின் வரும் ரசீது மின்னஞ்சலை அழிக்காதீர்கள். கணக்கு கையை விட்டுப் போனால் மீட்க அதில் உள்ள விவரங்கள் உதவும்.

திருப்பிக் கொடுக்கும் விதி இந்த வகை ஆட்டத்துக்கு ஒரு பொறி. வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். ஆனால் இந்த ஆட்டங்களில் குழு அமைக்கவே ஒரு மணி நேரம் போகும், முன்கதை படிக்க அரை மணி போகும். முதல் சண்டையைப் பார்ப்பதற்குள் இரண்டு மணி முடிந்துவிடும். அதனால் முதல் தடவை ஆயத்தமாக இருக்கும் குழுவையே எடுத்துக்கொண்டு நேராக உள்ளே போங்கள். எழுத்து படிக்க முடிகிறதா, சண்டை பிடிக்கிறதா என்று ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிவு செய்யுங்கள். மெனுவைத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போனால் அந்த நேரமும் கணக்கில் ஏறும். ஜிஓஜியில் 30 நாள் அவகாசம் உண்டு. ஆட்டத்தை ஒரு கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளவும் முடியும், பிறகு இணையமே தேவையில்லை.

3. காசு கொடுக்கும் முன் இலவசமாக ஒரு வாரம்

இரண்டு இலவச ஆட்டங்கள் போதும்.

பேட்டில் ஃபார் வெஸ்நாத்: சரியாகச் சொன்னால் இது வியூக ஆட்டம். ஆனால் இடத்தைப் பார்த்துச் சண்டையிடுவது எப்படி என்பதை இதைப் போல எதுவும் சொல்லித்தராது. அறுகோணக் கட்டங்கள். நிற்கும் நிலத்தைப் பொறுத்து அடி படும் வாய்ப்பு மாறும். பகலில் சில படைகளுக்கு 25 விழுக்காடு பலம் கூடும், இரவில் அதே அளவு குறையும். வேறு சில படைகளுக்கு நேர்மாறு. கிராமத்தில் நின்றால் முறைக்கு 8 புள்ளி காயம் ஆறும். பிழைத்த வீரர்கள் அனுபவத்தோடு அடுத்த களத்துக்கு வருவார்கள். பயிற்சிப் பாடத்தை முடித்துவிட்டு, புதியவர்களுக்கு என்று குறித்திருக்கும் சின்னப் போர்த்தொடர் ஒன்றை ஆடுங்கள்.

டஞ்சன் கிரால் ஸ்டோன் சூப்: ஒரே ஆள், ஒரே உயிர். செத்தால் முதலிலிருந்து. உலாவியிலேயே ஆடலாம், இறக்கியும் ஆடலாம். மினோட்டார் இனம், பெர்சர்க்கர் தொழில் என்று எடுங்கள். அடித்து ஆட எளிய கூட்டு அது. ஓ விசையை அழுத்தினால் தானாகவே சுற்றிப் பார்க்கும். ஜெயிப்பதை மறந்துவிடுங்கள். ஐந்து தடவை செத்துப் பார்த்தால் எப்போது ஓட வேண்டும் என்று கைக்குப் பழகிவிடும்.

4. முதல் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். இணையத்தில் யாரைக் கேட்டாலும் தங்களுக்குப் பிடித்த கடினமான ஆட்டத்தைச் சொல்வார்கள். அண்டர்ரெயில் அருமையான ஆட்டம், ஏஜ் ஆஃப் டெகடன்ஸ் அதைவிட ஆழமானது. இரண்டுமே முதல் ஆட்டமாக ஆடத் தகுந்தவை அல்ல. புள்ளிகளைத் தப்பாகப் போட்டால் பத்து மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும்.

எங்கள் பரிந்துரை ஸ்பைடர்வெப் சாஃப்ட்வேர் ஆட்டங்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் ஜெஃப் வோகல் 1994-ல் தொடங்கிய மிகச் சிறிய நிறுவனம், இன்னும் இந்த ஒரு வகையையே செய்துகொண்டிருக்கிறது. அவர்களின் தளத்தில் பெரிய இலவச டெமோக்கள் கிடைக்கும். ரீஃபண்டு பற்றிக் கவலைப்படாமல் பல மணி நேரம் ஆடிப் பார்க்கலாம்.

அவெர்னம்: எஸ்கேப் ஃப்ரம் த பிட் நால்வர் குழு, பாதாள உலகம், பெரிய வரைபடம். குழு அமைப்பைக் கற்க இது நல்ல இடம். ஜீன்ஃபோர்ஜ் 1: மியூட்டஜென், 2021-ல் வந்தது. ஒரே நாயகன், ஆனால் உயிரினங்களை நீங்களே உருவாக்கிக் கூட அழைத்துப் போகலாம். எந்தக் கூட்டத்தோடு சேர்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கதை மாறும். குழு நிர்வாகம் பிடித்தவர்கள் முதலாவதையும், கதை பிடித்தவர்கள் இரண்டாவதையும் எடுக்கலாம்.

நீளம் பயமுறுத்தினால் 2024-ல் வந்த ஸ்கால்ட். படம் எண்பதுகளின் கணினி போல இருக்கும், கதை பயங்கரம் கலந்தது, மற்றவற்றைவிடச் சீக்கிரம் முடியும். அவெர்னத்துக்கு வாரம் இரண்டு மாலை என்றால் நாலைந்து மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாமே ஆங்கிலம். கதையின் ஒவ்வொரு வரியும் புரிய வேண்டியதில்லை. விதிகளின் விளக்கம் கட்டாயம் புரிய வேண்டும். ஸ்டன் ஆனால் ஒரு முறை போகும், ஸ்லோ ஆனால் செயல் புள்ளி குறையும், ரூட் ஆனால் நகர முடியாது ஆனால் அடிக்க முடியும், தூங்க வைத்த எதிரியைப் பல ஆட்டங்களில் அடித்தால் விழித்துக்கொள்ளும். இப்படி ஒரு முப்பது சொல் இருக்கும். வரும்போது வரும்போது நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத்து சின்னதாக இருந்தால் செட்டிங்ஸில் யூஐ ஸ்கேல் தேடுங்கள். கண்ணைச் சுருக்கிப் படித்தால் ஒரு வாரத்தில் தலைவலிதான் மிஞ்சும்.

5. கட்டம் போட்ட நோட்டு ஒன்று

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. திருப்பாப்புலியூரிலோ நேரு வீதியிலோ பள்ளிப் பொருள் கடையில் சின்ன வகுப்புப் பிள்ளைகளின் கணக்கு நோட்டு, சதுரக் கட்டம் போட்டது, கேளுங்கள். 100 ரூபாய்க்குள் கிடைக்கும். கிராஃப் தாள் வேண்டாம். கட்டம் மிகப் பொடி, கண்ணை வருத்தும்.

முன்பக்கத்திலிருந்து வரைபடம், பின்பக்கத்திலிருந்து குறிப்பு. வரைபடத்தில் எப்போதும் வடக்கு மேலே. ஒரு கட்டம் ஒரு அடி எடுத்து வைப்பு. புதிய ஆட்டங்கள் வரைபடத்தைத் தாமே வரைந்து காட்டினாலும், திறக்க முடியாத கதவும் ஜெயிக்க முடியாத பூதமும் எங்கே என்று அவை நினைவில் வைப்பதில்லை. குறிப்புப் பகுதியில் நாலு பத்தி போடுங்கள்: ஊர், ஆள், என்ன கேட்டார், எங்கே மாட்டிக்கொண்டது. இரண்டு வாரம் வேலையில் ஓடிவிட்டுத் திரும்பி வரும்போது இந்த நோட்டு இல்லாவிட்டால் ஆட்டத்தை மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.

6. குழுவை அமைத்தல்

டெமோவில் ஆயத்தக் குழுவோடு ஆடியாயிற்று. இப்போது உங்கள் குழு. நால்வர் என்றால் முதல் ஆட்டத்துக்கு இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்: முன்னால் நின்று அடி வாங்கும் ஒருவர், பக்கத்தில் நின்று அடிக்கும் ஒருவர், காயம் ஆற்றும் ஒருவர், மந்திரவாதி ஒருவர்.

புள்ளி போடும்போது ஒரே விதி: ஒருவருக்கு ஒரு வேலை. வாளும் கொஞ்சம், வில்லும் கொஞ்சம், மந்திரமும் கொஞ்சம் என்று போட்ட ஆள் ஐந்தாவது படிநிலை (லெவல்) வரை நன்றாக இருப்பார். அதன் பிறகு எதிரியின் தற்காப்பு ஏறிக்கொண்டே போக, அவர் குறி தவறிக்கொண்டே இருப்பார். எதிரிகள் அனைவரும் அந்தப் படிநிலைக்கு உரிய முழுத் திறனோடு வருவார்கள் என்று கணக்கிட்டே ஆட்டத்தைச் செய்திருப்பார்கள். முன்னால் நிற்பவருக்கு உடல் வலிமையும் ஒரே ஒரு ஆயுதமும். மந்திரவாதிக்கு அறிவும் மந்திரமும். மிச்சத்தைத் தொடாதீர்கள்.

விதிவிலக்கு பூட்டும் பொறியும். குழுவில் யாராவது அதைக் கற்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதிப் பெட்டிகள் மூடியே கிடக்கும். ஆனால் எத்தனை பேருக்குப் போடுவது? திறனின் விளக்கத்தைப் படியுங்கள். சில ஆட்டங்கள் குழுவில் மிக உயர்ந்தவரின் எண்ணை மட்டும் பார்க்கும். அங்கே ஒருவருக்கே போட வேண்டும். சில ஆட்டங்கள் எல்லோருடையதையும் கூட்டும், அங்கே பங்கிடலாம். இதைப் பார்க்காமல் போட்ட புள்ளிகள் வீண்.

ஜீன்ஃபோர்ஜ் எடுத்தவர்கள் ஷேப்பர் வகுப்பில் தொடங்குங்கள். உருவாக்கிய உயிரினங்கள் முன்னால் நின்று அடி வாங்கும். லீடர்ஷிப், மெக்கானிக்ஸ் இரண்டுக்கும் தொடக்கத்திலேயே சில புள்ளிகள் போட்டுவிடுங்கள். பேச்சாலும் கருவி அறிவாலும் தவிர்க்கக்கூடிய சண்டை அந்த ஆட்டத்தில் ஏராளம்.

கடினநிலை நார்மல். முதல் நாலு சண்டையில் இரண்டில் தோற்றால் கூச்சப்படாமல் கேஷுவலுக்கு இறக்குங்கள். ஸ்பைடர்வெப் ஆட்டங்களில் நடுவிலேயே மாற்றிக்கொள்ளலாம். மிகக் கடினமான டார்மென்ட் என்பது ஏற்கெனவே ஒருமுறை முடித்தவர்களுக்கானது.

7. சண்டை: நாலு பழக்கம்

ஒருவனை முடித்துவிட்டு அடுத்தவன். கணக்குப் போட்டுப் பாருங்கள். எதிரிகள் நால்வர், ஆளுக்கு 20 உயிர்ப் புள்ளி, ஆளுக்கு முறைக்கு 5 அடி. உங்கள் குழு முறைக்கு மொத்தம் 20 அடி அடிக்கும், முதல் முறை உங்களுடையது. எல்லோரும் ஒருவனையே அடித்தால் முறைக்கு ஒருவன் விழுவான். நீங்கள் வாங்குவது 15, 10, 5, மொத்தம் 30. ஆளுக்கொருவனாகப் பிரித்து அடித்தால் மூன்று முறை வரை யாருமே விழ மாட்டார்கள். நீங்கள் வாங்குவது 20, 20, 20, மொத்தம் 60. அதே குழு, அதே எதிரி, அடி மட்டும் இரட்டை. ஒரு புள்ளி உயிரோடு நிற்பவனும் முழு பலத்தோடு அடிப்பான் என்பதே காரணம்.

கதவை உங்களுக்காக வேலை செய்ய விடுங்கள். புதியவர்கள் வாசலிலேயே போய் நிற்பார்கள். சதுரக் கட்ட ஆட்டத்தில் மூலைவாட்டாகவும் அடிக்க முடியும் என்பதால், வாசல் கட்டத்தில் நிற்பவரை எதிர்ப் பக்கமிருந்து மூவர் அடிக்கலாம். ஒரு கட்டம் பின்வாங்கி உள்ளே நில்லுங்கள். எதிரி ஒருவன் வாசலில் வந்து நிற்பான். அவனை நேராக ஒருவரும் மூலையில் இருவருமாக மூவர் அடிக்கலாம். அவன் பின்னால் இருப்பவர்கள் வரிசையில் நிற்பார்கள். வில்லோ மந்திரமோ வைத்திருக்கும் எதிரிகள் மட்டும் நேர்க்கோட்டில் உள்ளவரை அடிக்கக்கூடும், ஆகவே மந்திரவாதியைச் சுவரோரமாக வாசலுக்குத் தெரியாத கட்டத்தில் நிறுத்துங்கள்.

எதிரியை நடக்க விடுங்கள். நகரவும் அடிக்கவும் ஒரே செயல் புள்ளிக் கணக்கிலிருந்து போகும் ஆட்டங்களில், நீங்கள் ஓடிப்போய் நின்றால் புள்ளி தீர்ந்திருக்கும், முதல் அடி எதிரியுடையது. நின்ற இடத்திலேயே நின்று பலம் கூட்டும் மந்திரங்களைப் போட்டுக்கொள்ளுங்கள். அவன் புள்ளியைச் செலவழித்து வந்து சேர்வான்.

விழுக்காட்டை நம்பி ஏமாறாதீர்கள். 80 விழுக்காடு வாய்ப்பு இரண்டு தடவை தொடர்ந்து தவறுவது 25-ல் ஒன்று; ஒரு மாலையில் பல தடவை நடக்கும். 70 விழுக்காடு அடி மூன்று தொடர்ந்து படுவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல்தான். இந்த மூன்றும் பட்டால் பிழைப்போம் என்ற நிலை வந்தால், ஏற்கெனவே தோற்றுவிட்டீர்கள். அதற்கு ஒரு முறை முன்னாலேயே மருந்தைக் குடித்திருக்க வேண்டும் அல்லது ஓடியிருக்க வேண்டும்.

8. சேவ்

குறைந்தது ஐந்து இடம் வைத்துச் சுழற்றுங்கள். ஊருக்குள் ஒன்று, குகை வாயிலில் ஒன்று, ஒவ்வொரு படிக்கட்டுக்கு முன் ஒன்று, முக்கியமான ஆளிடம் பேசும் முன் ஒன்று, நாள் முடிவில் ஒன்று. ஆட்டோசேவை மட்டும் நம்பினால், சாகப்போகும் நொடியில் அது சேவ் செய்து உங்களை அங்கேயே பூட்டிவிடலாம். ஒரே சேவ் மட்டும் அனுமதிக்கும் அயர்ன்மேன் முறையை முதல் ஆட்டத்தில் தேர்ந்தெடுக்காதீர்கள். பின்னால் கேவ்ஸ் ஆஃப் குட் என்ற ஆட்டத்தை எடுத்தாலும், செத்தால் முதலிலிருந்து தொடங்கும் கிளாசிக் முறையை விட்டுவிட்டு ரோல்பிளே முறையை எடுங்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் சேவ் ஆகும்.

நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி வாக்கில் கரண்ட் நிறுத்தினால் பிற்பகல் வரை வராது. முந்தின நாள் செய்தித்தாளில் ஊர் வாரியாகப் போடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். மேஜைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு யுபிஎஸ் கட்டாயம். சேவ் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்தக் கோப்பே கெட்டுவிடும். ஒரே இடத்தில் மேல் மேல் சேவ் செய்பவர்கள் மொத்தத்தையும் இழப்பது இப்படித்தான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். 2011-ல் தானே, 2024-ல் ஃபெஞ்சல் என்று நம் கரைக்குப் புயல் புதிதல்ல. எச்சரிக்கை வந்ததும் இரண்டு வேலை. ஆட்டத்தை இணையத்தோடு ஒருமுறை திறந்து மூடிவிட்டு, ஸ்டீமை ஆஃப்லைன் முறைக்கு மாற்றிப் பாருங்கள். இதைச் செய்யாவிட்டால் இணையம் இல்லாதபோது சில சமயம் உள்ளேயே விடாது. சேவ் கோப்புறையைப் பென்டிரைவில் நகலெடுங்கள். பல ஆட்டங்கள் அதை டாக்குமென்ட்ஸுக்குள் வைக்கும். சேவின் நகலை இணையத்தில் வைக்கும் கிளவுட் சேவ் எல்லா ஆட்டத்துக்கும் இருப்பதில்லை. கடைப் பக்கத்தில் வலது ஓரம் எழுதியிருக்கும். லேப்டாப் பேட்டரியைப் போனுக்கு மின்சாரம் ஏற்றவும் வைத்திருங்கள், அந்த நாட்களில் ஆட்டம் இரண்டாம் பட்சம்.

9. மூட்டையும் காசும்

மருந்தையும் மந்திரச் சுருளையும் கடைசிச் சண்டைக்கு என்று சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். ஒரே பொருள் ஐந்துக்கு மேல் சேர்ந்தால் அடுத்த கடினமான சண்டையில் எடுத்துவிடுங்கள். காசை முதலில் கவசத்துக்கும், பயிற்சி விற்கும் ஆட்கள் இருந்தால் அவர்களுக்கும் செலவிடுங்கள். வாள் எதிரிகளிடமிருந்தே கிடைக்கும். எடை எல்லை உள்ள ஆட்டத்தில் கனமான, விலை குறைந்த சாமான்களைக் கீழே போட்டுவிட்டு நடங்கள்.

10. மாட்டிக்கொண்டால்

ஒரு சண்டையில் மூன்று தடவை தோற்றால் அந்தப் பக்கம் இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. இந்த வகை ஆட்டங்களில் உலகம் திறந்தே இருக்கும், எதிரி உங்கள் அளவுக்குச் சுருங்கி வர மாட்டான். நோட்டில் குறித்துவிட்டு வேறு திசையில் போங்கள். இரண்டு படிநிலை ஏறித் திரும்பி வந்தால் பெரும்பாலும் தீரும்.

அப்போதும் தீராவிட்டால் எதிரியைப் படியுங்கள். அவன்மேல் வலது கிளிக் செய்தால் எதற்கு எவ்வளவு தாங்குவான் என்று பல ஆட்டங்கள் காட்டும். நெருப்புக்கு 80 விழுக்காடு எதிர்ப்பு உள்ளவன்மேல் நெருப்பு மந்திரத்தைப் போட்டுக்கொண்டிருப்பதே பெரும்பாலான தோல்விக்குக் காரணம். துணை எதிரிகளை வரவழைப்பவன் ஒருவன் இருந்தால் அவனை முதலில் முடியுங்கள்.

இணையத்தில் வழிகாட்டி தேடுவதானால் ஒரு கேள்விக்கு ஒரு பதில் என்று பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். முழு வழித்தடத்தையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஆடினால் சொன்னதைச் செய்யும் வேலை மட்டுமே மிஞ்சும். கண்டுபிடிக்க ஒன்றும் இருக்காது. தேடும்போது ஆட்டத்தின் முழுப் பெயரையும் போடுங்கள். அவெர்னம், ஜீன்ஃபோர்ஜ் இரண்டுக்கும் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் உண்டு; பழையதன் குறிப்பு புதியதில் பொருந்தாது.

11. இரண்டாவது ஆட்டம்

முதலாவதை முழுதாக முடித்த பிறகே வாங்குங்கள். தள்ளுபடியில் பத்து ஆட்டம் வாங்கி வைத்தால் பத்தையும் ஒரு மணி நேரம் ஆடி விட்டுவிடுவதுதான் நடக்கும்.

கதையும் தேர்வுகளும் பிடித்திருந்தால் ஏஜ் ஆஃப் டெகடன்ஸ். சண்டையே போடாமல் பேச்சாலேயே முடிக்கலாம், முதல் தடவை அப்படி ஆடுவதே நல்லது. குழுவையும் களத்தையும் ரசித்தவர்களுக்கு பேட்டில் பிரதர்ஸ். கூலிப்படை நடத்துவது, சம்பளம் கொடுப்பது, செத்தவர்களுக்குப் பதில் ஆள் எடுப்பது. இசையும் வண்ணமும் வேண்டும் என்றால் 2022-ல் வந்த செயின்ட் எக்கோஸ் (Chained Echoes). அண்டர்ரெயில் எடுத்தால், அனுபவப் புள்ளி ஏறும் இரண்டு வழிகளில் எது வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்கும். ஆடிட்டி முறையைத் தேர்ந்தெடுங்கள். எதிரிகளைத் தேடித் தேடிக் கொல்ல வேண்டியதில்லை, மூலைமுடுக்கில் விசித்திரப் பொருட்களைக் கண்டெடுத்தால் அனுபவம் ஏறும். நோட்டில் பாதிப் பக்கம் இன்னும் மிச்சம் இருக்கும். அதிலேயே தொடருங்கள், புதியது வாங்க வேண்டாம்.